ஐரோப்பா முதல் தடவை: குரூப் டூரா, ரயில் பாஸா, இல்ல நாலு ஊர்ல நிதானமா தங்குறதா?

போன மாசம் சித்தி பொண்ணு திருச்சில இருந்து போன் பண்ணா. "அக்கா, மே மாசம் லீவுல ரெண்டு வாரம் ஐரோப்பா போலாம்னு இருக்கோம், நானு, அவரு, பசங்க ரெண்டு பேரு, அத்தையும் வர்றாங்க, ஆனா யாரக் கேட்டாலும் ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தர் பேக்கேஜ்ல போங்கறாங்க, இன்னொருத்தர் பேக்கேஜ் மட்டும் வேணவே வேணாங்கறாங்க, நீ மூணு தடவ போயிருக்க, நீயே சொல்லு." பையனுக்கு 9 வயசு, பொண்ணுக்கு 6, மாமியாருக்கு 64, முட்டி வலி இருக்கு, சுத்த சைவம். போன்ல ஒரு மணி நேரம் பேசியும் முடியல, அதான் எழுதியே வச்சிடலாம்னு உக்காந்தேன், இதே குழப்பத்துல இருக்குற மத்தவங்களுக்கும் ஆகும்.

நான் மூணு விதமாவும் போயிருக்கேன். 2015-ல அப்பா அம்மாவோட குரூப் டூர். 2019 ஜூலைல நானும் வீட்டுக்காரரும் ரயில் பாஸ் வாங்கிட்டு 12 நாள்ல ஏழு ஊர். 2023-ல இத்தாலியும் ஆஸ்திரியாவும் மட்டும், 14 நாள், நாலே ஊர். மூணுலயும் நல்லது இருக்கு, அத மறைக்காம சொல்றேன், ஆனா எனக்கு எது மனசுல நின்னுச்சுன்னு கேட்டா மூணாவதுதான், ஏன்னு கீழ வருது.

முதல்ல குரூப் டூர். இத மட்டமா பேசுறவங்க நிறைய பேர் வயசான அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போயிருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். எங்க அம்மாவுக்கு அன்னிக்கு 61, வெளிநாடே முதல் தடவ. விசா பேப்பர் எல்லாம் டூர்காரங்களே அடுக்கிக் குடுத்தாங்க, ஏர்போர்ட்ல இருந்து பஸ், ராத்திரி ஆனா சாதம் சாம்பார் இல்லாட்டியும் சப்பாத்தி தாலாவது கிடைச்சிடும், பெட்டிய பஸ் அடியில போட்டா ஹோட்டல் வாசல்ல எடுத்தா போதும். கூட வந்த ஒரு கோயம்புத்தூர் மாமா மாமி இன்னிக்கு வரைக்கும் அம்மாவோட போன்ல பேசுறாங்க. அம்மா சந்தோஷமா இருந்தாங்க, அது எனக்குப் பெரிய விஷயம்.

ஆனா அந்த 11 நாள்ல நாங்க எதையும் நின்னு பாக்கல. ஹோட்டல் ஊருக்கு வெளிய 25 கிலோமீட்டர்ல ஹைவே ஓரமா இருக்கும், சாயங்காலம் அங்க இறங்கினா பக்கத்துல ஒரு பெட்ரோல் பங்க், அவ்ளோதான், பாரிஸோட ராத்திரி வெளிச்சம் பஸ் ஜன்னல்ல பாத்ததோட சரி. லூவ்ர் மியூசியத்துக்கு வெளிய கண்ணாடி பிரமிட் முன்னாடி நின்னு போட்டோ, உள்ள போகல. கைடு ஏன் இப்படி வெரட்டுறாருன்னு அப்ப கோவம் வந்துச்சு, பின்னாடிதான் புரிஞ்சுது, ஐரோப்பால பஸ் டிரைவருக்கு சட்டம் ரொம்ப கண்டிப்பு, நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் நிறுத்தியே ஆகணும், ஒரு நாளைக்கு பொதுவா 9 மணி நேரத்துக்கு மேல ஓட்டக்கூடாது, ராத்திரி ஓய்வுக்கும் கணக்கு இருக்கு, எல்லாம் வண்டில இருக்குற மெஷின்ல பதிவாகும். ஏழு நாட்ட 11 நாள்ல காட்டணும்னு டிக்கெட் வித்துட்டா அந்த கணக்குக்குள்ள ஓடித்தானே ஆகணும். அந்த ஏழு நாட்ட எப்படி எண்ணுறாங்கன்னும் பாருங்க, வாடூஸ்ல ஒரு மணி நேரம் நின்னா லிச்சென்ஸ்டைன் ஒரு நாடு, செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கத்துல கால் வச்சா வாடிகன் ஒரு நாடு.

இதுல நாங்க அனுபவிச்ச ஒரு வருத்தம், புக் பண்ணும்போது "எல்லாம் சேர்த்து"ன்னு சொன்ன விலைல அங்க போனதும் டிப்ஸ், மதியச் சாப்பாடு, மலைக்குப் போற ரோப் கார்னு தனித்தனியா கேட்டாங்க. பேர் வேண்டாம். நீங்க பேக்கேஜ் எடுக்குறதா இருந்தா, எது சேர்ந்திருக்குங்கறத விட எது சேரலைங்கற லிஸ்ட்ட எழுத்துல வாங்குங்க, ஹோட்டல் பேரையும் வாங்கி மேப்ல போட்டு டவுன்ல இருந்து எவ்ளோ தூரம்னு பாருங்க, "அல்லது அதுக்கு இணையான ஹோட்டல்"னு மட்டும் எழுதியிருந்தா மறுபடி கேளுங்க.

ரெண்டாவது ரயில் பாஸ். இதுல தான் ஐரோப்பா போய்ட்டு வந்தவங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சு நிப்பாங்க. நம்ம மாதிரி வெளிய இருந்து வர்றவங்களுக்கு யூரெயில், அங்கயே குடியிருக்கவங்களுக்கு இன்டர்ரெயில், ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 33 நாட்டுல செல்லும். ஒரு மாசத்துக்குள்ள 4 நாள், 5 நாள், 7 நாள் மட்டும் பயணம் பண்ற மாதிரி எடுக்கலாம், தொடர்ந்து 15 நாள், 22 நாள்னும் இருக்கு. 27 வயசு வரைக்கும் தள்ளுபடி, 60 தாண்டினவங்களுக்கு கொஞ்சம் தள்ளுபடி, 11 வயசு வரைக்கும் குழந்தைங்களுக்கு காசே இல்ல, ஒரு பெரியவருக்கு ரெண்டு பிள்ளைங்க வரைக்கும். 2019-ல எங்களுது பேப்பர் பாஸ், ஒவ்வொரு ரயில் ஏறுறதுக்கு முன்னாடியும் பேனாவால தேதி எழுதணும், இப்ப எல்லாம் போன்ல ஆப்லயே வந்துடுச்சு.

பாஸ் நல்லதுங்கறவங்க சொல்றது சுதந்திரம். காலைல எந்திரிச்சு இன்னிக்கு மழையா, சரி வேற ஊருக்குப் போலாம்னு கிளம்பலாம். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்துல இது உண்மை, பெரும்பாலான ரயில்ல சீட் ரிசர்வேஷன் கட்டாயம் இல்ல, ஏறி உக்காந்துக்கலாம். ஆனா பிரான்ஸ் டிஜிவி, இத்தாலி ஃப்ரெச்சியாரோஸ்ஸா, ஸ்பெயின் ஏவிஇ, யூரோஸ்டார் மாதிரி அதிவேக ரயில், இதுலெல்லாம் பாஸ் இருந்தாலும் சீட்டுக்குத் தனியா காசு கட்டி புக் பண்ணித்தான் ஆகணும், இத்தாலில 13 யூரோ மாதிரி ஆகும், யூரோஸ்டார்ல 30 யூரோ தாண்டும், சில ரயில்ல பாஸ்காரங்களுக்குன்னு ஒதுக்குற சீட்டே கொஞ்சம்தான். எங்களுக்கு அதுதான் நடந்துச்சு. ஒரு அதிவேக ரயில்ல பாஸ் கோட்டா தீந்துபோச்சு, ரயில் காலியா போகுது, எங்களுக்கு மட்டும் சீட் இல்ல, கடைசில மூணு சாதா ரயில் மாறி ராத்திரி 11 மணிக்கு ஊர் போய் சேர்ந்தோம். அப்ப அந்த சுதந்திரம் எங்க போச்சுன்னு எனக்குப் புரியல.

கணக்கு போட்டுப் பாக்குறது சுலபம். பெரியவங்களுக்கு செகண்ட் கிளாஸ்ல 7 நாள் பாஸ் சமீப வருஷங்கள்ல 380 யூரோ அக்கம்பக்கம், ஒரு பயண நாளைக்கு 54 யூரோ விழுது, அதுக்கு மேல சீட் காசு. ரோம்ல இருந்து ஃப்ளாரன்ஸ் ஒன்றரை மணி நேரப் பயணம், ஒண்ணு ரெண்டு மாசம் முன்னாடி எடுத்தா 20-30 யூரோவுக்கு கிடைக்கும், வியன்னால இருந்து புடாபெஸ்ட்டும் கிட்டத்தட்ட அதே விலைதான். அந்த மாதிரி பயணத்துக்கு பாஸ் நாள செலவழிக்கிறது வீண். ஆனா கடைசி நாள்ல எடுத்தா அதே டிக்கெட் ரெண்டு மடங்கு, மூணு மடங்கு ஆகிடும். அதனால தேதி முடிவு பண்ணிட்டவங்களுக்கு தனித்தனி டிக்கெட், தேதி முடிவு பண்ணவே விரும்பாதவங்களுக்கும், தினமும் நாலு மணி நேரம் ரயில்ல போறவங்களுக்கும், சின்னப் பிள்ளைங்க இருக்குற குடும்பத்துக்கும் பாஸ், இதுதான் என் தீர்ப்பு. ஒரே ஒரு ஆபத்து, மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும், விட்டா போச்சு. ஆனா ரயில்காரங்களே லேட் பண்ணிட்டா உங்க பக்கம் சட்டம் இருக்கு, ஐரோப்பிய யூனியன் விதிப்படி ஒரு மணி நேரம் லேட்டுன்னா டிக்கெட் காசுல கால்வாசி, ரெண்டு மணி நேரம்னா பாதி திருப்பிக் கேக்கலாம், டிக்கெட்ட கடைசி வரைக்கும் அழிச்சுடாதீங்க. ஜெர்மனி ரயில்னா டைம்னு நம்ம ஊர்ல இன்னும் சொல்றாங்க, 2024-ல அங்க தூரத்து ரயில்கள்ல 62.5 சதவீதம்தான் நேரத்துக்குப் போச்சு, அதனால அங்க ரயில் மாறுறதா இருந்தா நடுவுல எட்டு நிமிஷம்னு காட்டுற டிக்கெட்ட எடுக்காதீங்க, அத்தைக்கு முட்டி வலி வேற, அரை மணி நேரமாவது விடுங்க.

விமானம்? முன்னாடி ரயிலா விமானமான்னு பெரிய சண்டை நடக்கும், இப்ப பெரும்பாலும் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, ரயில்ல நாலஞ்சு மணி நேரத்துக்குள்ளன்னா ரயில், அதுக்கு மேலன்னா விமானத்த யோசிக்கலாம். ஆனா 25 யூரோன்னு விக்கிற மலிவு விமானங்க பல தடவ ஊருக்கு ரொம்ப வெளியதான் இறங்கும், பாரிஸ் பேர்ல விக்கிற போவே ஏர்போர்ட் பாரிஸ்ல இருந்து 80 கிலோமீட்டர், ஃப்ராங்ஃபர்ட் பேர்ல விக்கிற ஹான் ஏர்போர்ட் 120 கிலோமீட்டர், பஸ் காசையும் நேரத்தையும் பெட்டிக்குத் தனியா கட்டுறதையும் கூட்டினா அந்த 25 யூரோ டிக்கெட் 25 யூரோவா இருக்காது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். குரூப் டூரோ பாஸோ, ரெண்டுலயும் நான் பட்ட கஷ்டத்துக்குக் காரணம் ஒண்ணேதான், ஊர் மாறிக்கிட்டே இருந்தது. ஒரு ஊர் மாறுறதுன்னா என்னன்னு கணக்கு பண்ணுங்க, காலைல பெட்டி கட்டணும், 11 மணிக்குள்ள ரூம காலி பண்ணணும், ஸ்டேஷன், ரயில், மறுபடி ஸ்டேஷன், புது ஊர்ல எந்தப் பக்கம் பஸ்னு தேடணும், செக்கின் மதியம் 3 மணிக்குத்தான், குளிச்சு வெளிய வர்றப்ப 5 மணி. மியூசியம் பெரும்பாலும் 6 மணிக்கு மூடிடும். அப்ப ஒரு தடவ ஊர் மாறினா முக்கால் நாள் போச்சு. 12 நாள்ல ஏழு ஊர்னா ஆறு தடவ மாறுறோம், நாலு நாலரை நாள் பெட்டிய இழுத்ததுலயே போயிருக்கு. அவ்ளோ காசு குடுத்து, அவ்ளோ லீவு சேர்த்து வச்சு, விசாவுக்கு அலைஞ்சு போய் மூணுல ஒரு பங்கு பிளாட்ஃபாரத்துல. இது எனக்கு ஊருக்கு வந்து டைரிய பாத்தப்பதான் உறைச்சுது, ப்ராக் பத்தி எழுதின பக்கத்துல சாப்பாட்டுக் கடை பேர் கூட எழுதல, ரயில் நேரம் மட்டும்தான் எழுதியிருந்தேன்.

2023-ல அதனாலதான் மாத்தினோம். ரோம் 4 ராத்திரி, ஃப்ளாரன்ஸ் 3, சால்ஸ்பர்க் 3, வியன்னா 4. ஃப்ளாரன்ஸ்ல தினமும் காலைல ஒரே காப்பிக் கடைக்குப் போனோம், மூணாவது நாள் அந்தம்மா நாங்க கேக்காமலே சக்கர இல்லாம எடுத்து வச்சாங்க. ஃப்ளாரன்ஸ்ல இருந்து பீசா, லூக்கா, சியனா எல்லாம் காலைல போய் சாயங்காலம் திரும்பிடலாம், சால்ஸ்பர்க்ல இருந்து ஹால்ஸ்டாட், வியன்னால இருந்து பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரம், அதாவது ஊர் குறைச்சா பாக்குறது குறையாது, பெட்டி தூக்குறதுதான் குறையும். ஒரே இடத்துல தங்கினா சமையல்கட்டு இருக்குற வீடா எடுக்கலாம், துணி துவைக்கலாம், ஒருத்தருக்கு உடம்பு சரியில்லன்னா அவங்க தூங்கட்டும்னு விட்டுட்டு மத்தவங்க போலாம். குழந்தையும் பெரியவங்களும் இருக்குற குடும்பத்துக்கு இந்த கடைசி விஷயம் ஒண்ணு போதும்.

"திரும்ப எப்ப போகப் போறோம், ஒரே தடவைல எல்லாம் பாத்துடணும்"னு சொல்றவங்கள நான் தப்பு சொல்லல. எங்க அப்பா அதத்தான் சொன்னாரு, அவருக்கு மறுபடி போற வாய்ப்பும் அமையல, அவரு பாத்த அந்த ஏழு நாடும் அவருக்கு நிறைவா இருந்துச்சு. யாருக்கு மறுபடி வர முடியாதுன்னு உறுதியா தெரியுமோ, யாரால மேப் பாத்து நடக்க முடியாதோ, அவங்களுக்கு குரூப் டூர் சரி. சித்தி பொண்ணுக்கு 36 வயசு, மறுபடி போவா.

எப்பப் போறதுங்கறதுல பெரிய சண்டை இல்ல, ஏப்ரல் கடைசி, மே, செப்டம்பர், அக்டோபர் முதல் வாரம் நல்லதுன்னு போனவங்க கிட்டத்தட்ட எல்லாரும் சொல்வாங்க, நம்ம ஊர் பள்ளிக்கூட லீவும் மே மாசத்துல வர்றது நம்ம அதிர்ஷ்டம். ஜூலை ஆகஸ்ட் மட்டும் வேண்டாம், கூட்டம் ஒரு பக்கம், வெயில் இன்னொரு பக்கம், 2019 ஜூலை 25-ஆம் தேதி பாரிஸ்ல 42.6 டிகிரி, அதே மாசம்தான் நாங்களும் போனோம், பழைய ஹோட்டல்ல பாதிக்கு ஏசி கிடையாது. டிசம்பர் கிறிஸ்துமஸ் சந்தைக்குன்னு போறவங்க உண்டு, வியன்னா, நியூரம்பர்க், ஸ்ட்ராஸ்பர்க்னு அழகா இருக்கும்தான், ஆனா சாயங்காலம் 4 மணிக்கு இருட்டிடும், முட்டி வலிக்கு அந்தக் குளிர் ஆகாது. மே மாசத்துல ஒண்ணு கவனிக்கணும், மே 1 அன்னிக்கு லூவ்ர் உட்பட நிறைய இடம் மூடியிருக்கும், பிரான்ஸ்ல மே 8-ம் லீவு.

சுவிட்சர்லாந்து வேணுமா வேணாமா, இதுலதான் வீட்டுக்கு வீடு சண்டை. எங்க வீட்டுக்காரர் வேணாங்கற கட்சி, அந்தக் காசுல ஆஸ்திரியால ரெண்டு மடங்கு நாள் இருக்கலாம், இன்ஸ்ப்ரூக்ல ஊர் நடுவுல இருந்தே கேபிள் ரயிலும் ரோப் காரும் மாறி 2,256 மீட்டர் வரைக்கும் ஏறிடலாம், மலைன்னா மலைதானேன்னு சொல்வாரு. நான் அதுக்கு ஒத்துக்க மாட்டேன். லாட்டர்ப்ரூனன் பள்ளத்தாக்குல ரெண்டு பக்கமும் செங்குத்தா பாறை, அதுல இருந்து 72 அருவின்னு சொல்வாங்க, மே ஜூன்ல பனி உருகுறப்ப தண்ணி அதிகம், ஸ்டவ்பாக் அருவி கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்துல இருந்து விழுறத ரோட்டுல நின்னே பாக்கலாம், அதுக்கு காசே கிடையாது, தரையும் சமமா இருக்கும், அத்தை மெதுவா நடந்தா போதும். செலவு ஆகுறது உச்சிக்குப் போறதுலதான். யுங்ஃப்ரவ்யோக் 3,454 மீட்டர், 1912-ல திறந்த ரயில், அற்புதமான வேலைதான், ஆனா டிக்கெட் ஆளுக்கு 200 ஃப்ராங்க் தாண்டும், சுவிஸ் டிராவல் பாஸ் வச்சிருந்தாலும் 25 சதவீதம்தான் குறையும், மேகம் மூடிட்டா வெள்ளைச் சுவர பாத்துட்டு வரணும். அதனால முன்கூட்டி எடுக்காதீங்க, காலைல எந்திரிச்சு மேல வச்சிருக்குற கேமராவ ஆன்லைன்ல பாத்துட்டு தெளிவா இருந்தா மட்டும் எடுங்க, இத சுவிஸ் போன எல்லாருமே சொல்வாங்க. இல்லன்னா ரிகி மலைக்குப் போங்க, சுவிஸ் டிராவல் பாஸ்லயே அடங்கும். அந்தப் பாஸ்ல ரயில், பஸ், ஏரிப் படகு, 500 மியூசியம், லாட்டர்ப்ரூனனுக்கு மேல இருக்குற முர்ரன், வெங்கன் மலை ஊருங்க வரைக்கும் போறது எல்லாம் சேர்ந்திருக்கு, 6-ல இருந்து 15 வயசு வரைக்கும் பிள்ளைங்க அப்பா அம்மாவோட வந்தா ஃபேமிலி கார்டுல இலவசம், அந்தக் கார்டுக்கும் காசு இல்ல, கேட்டு வாங்கணும். தினமும் சுத்துறவங்களுக்கு அது, ஒண்ணு விட்டு ஒரு நாள் வீட்டுப் பக்கத்துலயே இருக்கலாம்னா டிக்கெட்ட பாதி விலைக்குத் தர்ற ஹாஃப் ஃபேர் கார்டு.

சாப்பாடு. சைவம்னா பட்டினிதான்னு பயமுறுத்துறவங்களும் இருக்காங்க, பிரச்சனையே இல்லங்கறவங்களும் இருக்காங்க, எவ்ளோ கண்டிப்பான சைவம்ங்கறதப் பொறுத்தது. இத்தாலில தக்காளி பாஸ்தா, மரினாரா பீட்சா, ஃப்ளாரன்ஸ்ல ரிபொல்லிட்டான்னு ரொட்டியும் கீரையும் பீன்ஸும் போட்ட கெட்டி சூப், எல்லாம் கிடைக்கும். ஆனா பார்மிஜானோ சீஸ் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற ரென்னட் சேர்த்து செய்யறது, சூப்ல சில இடத்துல எலும்பு வேகவச்ச தண்ணி இருக்கும், அத்தை மாதிரி இருக்கவங்க கேட்டுட்டுத்தான் சாப்பிடணும். பாரிஸ்ல கார் து நோர் ஸ்டேஷன் பக்கம் லா ஷப்பெல்னு ஒரு பகுதி, முழுக்க ஈழத்தமிழர் கடைங்க, இடியாப்பம், தோசை, மரக்கறி ரொட்டி, தமிழ்லயே போர்டு, பக்கத்துலயே மாணிக்க விநாயகர் கோயில், அத்தைய ஒரு நாள் காலைல அங்க கூட்டிட்டுப் போனா மீதி நாள் எல்லாம் தெம்பா வருவாங்க. அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துட்டுப் போலாம், ஆனா ஐரோப்பிய யூனியனுக்குள்ள வெளிய இருந்து பால் பொருளும் இறைச்சியும் எடுத்துட்டு வரக்கூடாது, பன்னீரு, நெய் டப்பா எல்லாம் பிடுங்கிடுவாங்க. தண்ணி பாட்டில் வாங்காதீங்க, ரோம்ல தெருவுக்குத் தெரு குழாய்ல நல்ல தண்ணி ஓடும், பிரான்ஸ்ல ஹோட்டல்ல "கராஃப் தோ"ன்னு கேட்டா ஜக்குல இலவசமா குடுத்தே ஆகணும்.

மத்தபடி சண்டையே இல்லாம போனவங்க அத்தனை பேரும் ஒரே குரல்ல சொல்ற சிலது இருக்கு, வேகமா சொல்லிடறேன். பெட்டி சின்னதா இருக்கணும், ஆளுக்கு ஒண்ணு, தானே தூக்கி மூணு மாடி ஏற முடியணும், ஏன்னா பழைய கட்டடத்துல லிஃப்ட் இருக்காது, பாரிஸ் மெட்ரோல படிக்கட்டு ஏராளம். புக் பண்ணும்போதே லிஃப்ட் உண்டான்னு கேட்டு எழுத்துல வாங்குங்க, அத்தைக்காக. ஒரு ஊர்ல இறங்கி இன்னொரு ஊர்ல இருந்து திரும்புற மாதிரி விமான டிக்கெட் எடுங்க, சுத்திட்டு மறுபடி முதல் ஊருக்கே வர்றது ஒரு நாள் நஷ்டம். முக்கியமான இடங்களுக்கு முன்னாடியே டிக்கெட், ஆம்ஸ்டர்டாம்ல இருக்குற ஆன் ஃப்ராங்க் வீடு ஆன்லைன்ல மட்டும்தான், ஆறு வாரம் முன்னாடி செவ்வாய்க்கிழமை திறப்பாங்க, கொலோசியத்துக்கு பேர் போட்ட டிக்கெட், பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே பேர் குடுக்கணும், 18 வயசுக்குக் கீழ இலவசம்னாலும் பிள்ளைங்களுக்கும் டிக்கெட் எடுத்தே ஆகணும். லூவ்ர் செவ்வாய் லீவு, 2026 ஜனவரில இருந்து ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு 32 யூரோ. கார்டு தேய்க்கும்போது ரூபாயா யூரோவான்னு மெஷின் கேக்கும், யூரோன்னு அமுக்குங்க, ரூபாய்ல போட்டா அவங்க வச்சதுதான் ரேட். பிக்பாக்கெட், ரோம்ல 64-ஆம் நம்பர் பஸ், பார்சிலோனா ரம்ப்லா, பாரிஸ் மெட்ரோ, பர்ஸ முன் பாக்கெட்ல கூட வைக்காதீங்க, சட்டைக்குள்ள போடுற பை வாங்கிக்கோங்க, மோன்மார்த்ர படிக்கட்டுல கையில கயிறு கட்ட வர்றவங்க, கையெழுத்து கேட்டு அட்டை நீட்டுறவங்க கிட்ட நிக்கவே நிக்காதீங்க. இறங்கின முதல் நாள் எந்த டிக்கெட்டும் போடாதீங்க, சும்மா நடங்க.

விசா பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், இதுல தப்பு பண்ணா எல்லாம் போச்சு. ஒரே விசால போகக்கூடிய ஷெங்கன் கூட்டத்துல இப்ப 29 நாடு, 2025 ஜனவரில பல்கேரியாவும் ருமேனியாவும் முழுசா சேர்ந்ததுல இருந்து. லண்டன் இதுல வராது, அதுக்குத் தனி விசா, ரெண்டு வாரத்துல லண்டனையும் சேர்க்கணும்னு நினைக்காதீங்க. எந்த நாட்டுல அதிக நாள் இருக்கீங்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்கணும், சமமா இருந்தா மட்டும்தான் முதல்ல இறங்குற நாடு. நிறைய பேர் இறங்குற நாட்டுக்குன்னு நினைச்சு தப்பா போடுறாங்க, இல்ல எங்க அப்பாயின்ட்மென்ட் கிடைக்குதோ அங்க போட்டுட்டு பின்னாடி ஊர மாத்துறாங்க, அது வேண்டாம். பெரியவங்களுக்கு 90 யூரோ, 6-ல இருந்து 11 வயசுக்கு 45 யூரோ, குறைஞ்சது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ், அத்தையோட வயசுக்கு அது விதிக்காக மட்டும் இல்ல, நல்ல பாலிசியாவே எடுங்க. ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், மே மாசப் பயணத்துக்கு ஜனவரி, பிப்ரவரில குடுத்துடணும்.

சரி, அவளுக்கு நான் போட்டுக் குடுத்தது இதுதான். பாரிஸ்ல இறங்கி 4 ராத்திரி, லாட்டர்ப்ரூனன் 4, ஃப்ளாரன்ஸ் 3, ரோம் 3, ரோம்ல இருந்து ஊருக்கு. மொத்தம் 14 ராத்திரி, நாலு ஊர், மூணே தடவ பெட்டி கட்டணும். இத்தாலில 6 ராத்திரி வர்றதால, பாரிஸ்ல இறங்கினாலும் விசா இத்தாலிக்கு. ரயில் மூணு பயணம்தான், பாரிஸ்ல இருந்து பாஸல் வழியா லாட்டர்ப்ரூனன், அங்க இருந்து மிலன் வழியா ஃப்ளாரன்ஸ், அப்புறம் ரோம், பிள்ளைங்களுக்கு இலவசம்னாலும் மூணு பயணத்துக்கு யூரெயில் தேவைப்படாது, தனித்தனி டிக்கெட் முன்னாடியே எடுத்துடுங்கன்னு சொன்னேன், சுவிஸ்க்குள்ள மட்டும் சுவிஸ் டிராவல் பாஸ். லாட்டர்ப்ரூனன்ல கீழ்த்தளத்துல சமையல்கட்டோட வீடு, பால்கனில உக்காந்தா அருவி தெரியணும்.

அவ வீட்டுக்காரருக்கு இன்னும் மனசு வரல, ஆம்ஸ்டர்டாம் இல்லாம என்ன ஐரோப்பான்னு கேக்குறாராம், பாரிஸ்ல ஒரு ராத்திரிய குறைச்சு நடுவுல ஒரே ஒரு நாள் நுழைச்சிடலாமான்னு. யூரோஸ்டார்ல மூணரை மணி நேரத்துக்குள்ளதான், வாஸ்தவம், ஆனா அந்த ஒரு நாளுக்கு ரெண்டு தடவ பெட்டி கட்டணும்னு சொன்னேன். அத்தை நடுவுல போன வாங்கி, "நீ சொன்ன அந்த அருவி ஊர்ல ஒரு நாளும் குறைக்கக்கூடாதுன்னு சொல்லிடும்மா அவன்கிட்ட"ன்னாங்க. நேத்து சாயங்காலம் அந்த வீட்ட நாலு ராத்திரிக்கும் புக் பண்ணிட்டாங்க.